இரும்புக்கை மாயாவி: பெயர் பெறாத கைகளின் வரலாறு

தோற்றுவாய்

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் சிறார் இலக்கியத்திற்கென ஓர் இயலோ, ஓர் இயலின் பகுதியோ ஒதுக்கப்படுவது வழக்கம். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அங்கு இடம்பெறுவார், அழ. வள்ளியப்பா, பெ. தூரன், வாண்டுமாமா ஆகியோரும் இடம்பெறுவர். பாடல், விடுகதை, விலங்குக் கதை, மாயமந்திரக் கதை என வகைப்பாடும் செய்யப்படும். ஆயின் 1970களிலும் 1980களிலும் பன்னிரண்டு வயது முதல் பதினைந்து வயது வரையிலான தமிழ்ச் சிறார் பாடநூலுக்குள் மறைத்துவைத்துப் படித்த நூல்களை அவ்வியல்களில் காண்பது அரிது. அவை காமிக்ஸ் எனப்பட்ட படக்கதைகள். அவற்றுள்ளும் பெருவழக்குப் பெற்றது ஒரு தனி வகை. எதிர்காலத்துக்குரிய விந்தைக் கருவிகள், மறைவாக இயங்கும் உளவு நிறுவனம், உலகையே அச்சுறுத்தும் பகைவன், அவனைத் தேடித் தனியே புறப்படும் ஒற்றன் ஆகிய நான்கும் கூடியது அவ்வகை. அறிவியற் புனைவும் ஒற்றர் கதையும் கலந்து பிறந்த இவ்வகைக்குத் தமிழில் அமைந்த முகமே இரும்புக்கை மாயாவி.

ஒற்றர் தமிழுக்குப் புதியவர் அல்லர். வெட்சித்திணையில், ஒற்றர் பகைப்புலத்தை அறிந்துவந்து உரைப்பதை 'வேய்' என்னும் துறையாக இலக்கணம் வகுத்தது. வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் தந்தார். பதுமையாகவும் பறவையாகவும் பொறிகள் இயங்கும் கற்பனையும் நம் காப்பியங்களுக்கு உரியதே. ஆயினும் ஒற்றும் பொறியும் ஒருங்கே அமைந்த கதையைத் தமிழ்ச் சிறாரின் கையில் சேர்த்தவர்கள் புலவர்கள் அல்லர். ஓர் அச்சுநகரத்துப் பதிப்பாளரும், அவருடன் பணியாற்றிய மொழிபெயர்ப்பாளருமே ஆவர்.

இக்கதையில் உயரழுத்த மின்னாற்றல் பாய்ந்தவுடன் நாயகன் மறைந்துவிடுவான். அவனது உலோகக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். கதையைப் படைத்தோர்க்கும் பெயர்த்தோர்க்கும் நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே. அவர்தம் கைவினையை எண்ணற்ற சிறார் கண்டனர். அவர்களைக் கண்டவர் சிலரே. அம்மறைவின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

புதுமைக் கருவியும் புனைபெயரும்

அறிவியலின் வளர்ச்சியைச் சாகசக் கதையாக்கி இளைஞர்க்கு வழங்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டு எழுத்தாளர் ழூல் வெர்னிடம் உறுதிபெற்றது. இங்கிலாந்தின் எச்.ஜி. வெல்சு 1897இல் வெளியிட்ட 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' என்னும் புதினம், அறிவியலால் மறைந்துபோன ஒருவன் அறத்தையும் இழந்து அழிவதைக் காட்டியது. இவ்விருவரும் பெயர் பெற்ற பேராசிரியர்கள். இவர்களுக்குப் பின் வந்த சிறார் தொடர்களின் வரலாறு வேறு.

அமெரிக்காவில் 1910இல் 'டாம் சுவிஃப்ட்' என்னும் தொடர் தொடங்கியது. புதிய ஊர்திகளையும் படைக்கலங்களையும் தானே உருவாக்கும் இளைஞன் அதன் நாயகன். நூல்களின் முகப்பில் 'விக்டர் ஆப்பிள்டன்' என்னும் ஆசிரியர் பெயர் இருந்தது. ஆனால் அப்பெயரில் ஒருவர் வாழ்ந்ததே இல்லை. எட்வர்டு சிட்ராட்மையர் என்பவர் கதைச்சுருக்கத்தை வகுத்துத் தருவார். கூலிக்கு எழுதுவோர் அதனை நூலாக்குவர். எழுதியவர் பெயர் வெளிவராது. தொடக்க நூல்களுள் பலவற்றை எழுதியவர் ஓவர்டு கேரிசு என்பது பின்னரே பரவலாக அறியப்பட்டது.

இத்தகைய நூல்களின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடலாகாது என்பதற்கு ஒரு சான்று உண்டு. இத்தொடரில் 1911இல் வெளிவந்த ஒரு நூல், நாயகன் கண்டுபிடித்த மின் துப்பாக்கியைப் பற்றியது. 1970களில் சாக் கவர் என்னும் அமெரிக்க அறிவியலாளர் மின்னதிர்ச்சியால் ஒருவரைச் செயலற்றவராக்கும் கருவியை உருவாக்கியபோது, அந்நூற்பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டியே அதற்கு 'டேசர்' எனப் பெயரிட்டார். சிறார் கதை ஒன்று காவல்துறையின் கருவிக்குப் பெயர் தந்தது. கதையை எழுதியவர்க்கோ முகப்பில் பெயர் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இக்கதைவகையில் ஒற்றர் பெருகினர். 1954இல் தொடங்கிய 'டாம் சுவிஃப்ட் இளையவர்' தொடரில் அணுவாற்றலும் விண்வெளியும் களமாயின. 'புருங்கேரியா' என்னும் கற்பனைப் பகைநாட்டின் ஒற்றர்கள் நாயகனின் கண்டுபிடிப்புகளைக் களவாட முயன்றனர். அமெரிக்காவுக்கும் சோவியத்து ஒன்றியத்துக்கும் இடையில் நிகழ்ந்த பனிப்போர், பெயர் மாற்றத்துடன் பள்ளிச் சிறாரின் படிப்பறைக்குள் புகுந்துவிட்டது.

1962ஆம் ஆண்டு அக்டோபர்

இரும்புக்கை மாயாவி பிறந்த காலத்தை நாள் குறித்தே சொல்லலாம். 1962 அக்டோபர் 5 அன்று இலண்டனில் சேம்சு பாண்டின் முதல் திரைப்படமான 'டாக்டர் நோ' திரையிடப்பட்டது. அதன் எதிர்நாயகனுக்குக் கைகள் இருக்கவேண்டிய இடத்தில் உலோகக் கைகள் இருந்தன. மறுநாள், அக்டோபர் 6 எனத் தேதியிட்டு, ஃபிளீட்வே நிறுவனத்தின் 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழின் முதல் இதழ் வெளிவந்தது. அதில் தொடங்கிய படக்கதை ஒன்றின் நாயகனுக்கும் வலக்கை உலோகத்தால் ஆனது. அதே மாதம் 16ஆம் நாள் தொடங்கி 28ஆம் நாள் வரை கியூபாவில் நிறுத்தப்பட்ட ஏவுகணைகளை முன்னிட்டு உலகம் அணுப்போரின் விளிம்பில் நின்றது.

இவை ஒன்றைப் பார்த்து ஒன்று செய்யப்பட்டவை எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் மூன்றும் ஒரே காலத்தின் மனநிலையைக் காட்டுகின்றன. மனிதக் கை செய்த கருவி மனிதனையே ஆளத் தொடங்கிவிட்டதோ என்னும் அச்சம் அக்காலத்தில் எங்கும் பரவியிருந்தது. மனித உடலில் பொருத்தப்பட்ட உலோகக் கையைக் காட்டிலும் அவ்வச்சத்துக்கு எளிய குறியீடு வேறொன்று கிடைத்தல் அரிது.

கதை இவ்வாறு செல்கிறது. பேராசிரியர் பேரிஞ்சரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாகப் பணியாற்றுபவன் லூயிசு கிராண்டேல். முன்னர் நேர்ந்த விபத்தில் வலக்கையை இழந்து, எஃகுக் கை பொருத்தப்பெற்றவன். ஆய்வுக்கூடத்தில் மீண்டும் ஒரு வெடிப்பு நிகழ்கிறது. உயரழுத்த மின்னாற்றல் அவன் உடலில் பாய்கிறது. அவன் மறைந்துவிடுகிறான்; எஃகுக் கை மட்டும் வெளியில் மிதக்கிறது. சிறிது நேரம் கழிந்ததும் மறைவு நீங்கும். மறுபடி மறைய வேண்டுமாயின் மறுபடி மின்னதிர்ச்சி வேண்டும்.

தொடக்கத்தில் கிராண்டேல் நாயகன் அல்லன், கொடியவன். கிடைத்த ஆற்றலைக் கொள்ளைக்கும் அழிவுக்கும் பயன்படுத்தினான். வெல்சின் மறைமனிதனுக்கு நேர் வாரிசாகவே அவன் படைக்கப்பட்டான். ஆயினும் வார இதழ்க் கதை தொடர்ந்து வளரவேண்டியிருந்தமையால், அழிய வேண்டியவன் திருந்தினான். 1960களின் நடுப்பகுதியில் அவன் 'நிழற்படை' என்னும் உளவு நிறுவனத்தின் ஒற்றனாகிவிட்டான். எஃகுக் கையின் விரல்களுக்குள் சிறு துப்பாக்கியும், மயக்கும் வாயுவும், செய்தி அனுப்பும் கருவியும் பொருத்தப்பட்டன. குற்றவாளியின் கை அரசின் கருவியாயிற்று.

மறைந்தவன் ஒழுக்கம்

இம்மாற்றம் விற்பனைக்காகச் செய்யப்பட்டது என்று தள்ளிவிடுவோர் உண்டு. அது முழுமையான மதிப்பீடு ஆகாது. யாரும் காணாதவிடத்தும் மனிதன் நேர்மையாக நடப்பானா என்பது மிகப் பழைய வினா. அணிந்தவரை மறைக்கும் மோதிரம் ஒன்று இடையன் கையில் கிடைத்தால் அவன் என்ன செய்வான் என்று பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில் வினவினார். வள்ளுவர் 'கூடாவொழுக்கம்' என்னும் அதிகாரத்தில் மறைவில் செய்யும் பிழையை ஆராய்ந்தார். பெற்றோர் கண்ணும் ஆசிரியர் கண்ணும் தன்மேல் எப்போதும் பதிந்திருப்பதாக உணரும் வளரிளம் பருவத்துக்கு இவ்வினா ஏட்டுவினா அன்று, அன்றாட வினா. யார் கண்ணிலும் படாமல் இருக்கவேண்டும் என்னும் ஆசை அவ்வயதுக்கு உரியது. அந்த ஆசை நிறைவேறிய பின் எஞ்சுவது பொறுப்பு என்பதை இப்படக்கதை அறவுரை கூறாமலே உணர்த்தியது.

கிராண்டேலின் மறைவு முழு மறைவு அன்று என்பதும் நோக்கத்தக்கது. கை காட்டிக்கொடுக்கும். பகைவர் அந்தரத்தில் மிதக்கும் கையைக் கண்டு சுடுவர். செய்த வினையின் கருவி எப்போதும் வெளியில் தெரியும் என்னும் இவ்வமைப்பே, மந்திர மோதிரக் கதைகளினின்று இக்கதையைப் பிரித்துக் காட்டுகிறது.

பெயரில்லாப் படைப்பாளர்

இக்கதையை எழுதியவர் யார்? 'வேலியண்ட்' இதழைப் படித்த சிறுவர்க்கு அது தெரியாது. பிரித்தானியச் சிறுவர் வார இதழ்களில் எழுத்தாளர், ஓவியர் பெயர்களை வெளியிடாமையே அன்று பெருவழக்காக இருந்தது. பெயர் வெளியானால் படைப்பாளர் கூலி உயர்த்திக் கேட்பர், போட்டி நிறுவனம் அழைத்துக்கொள்ளும் என்னும் வணிகக் கணக்கு அதன் பின்னணியில் இருந்தது.

தொடக்கக் கதைகளை எழுதியவர் கென் புல்மர் (1921–2005). அறிவியற் புதின ஆசிரியரான இவர், பிற்காலத்தில் 'ஆலன் பர்ட் ஏக்கர்சு' முதலிய புனைபெயர்களிலும் மிகுதியாக எழுதினார். அவரைத் தொடர்ந்து நெடுங்காலம் எழுதியவர் டாம் டல்லி. ஓவியம் வரைந்தவர் பார்சலோனாவில் பிறந்த எசூசு பிளாசுகோ (1919–1995). தம் உடன்பிறந்தாருடன் ஓவியக்கூடம் நடத்திய இவர், 1930களிலேயே சுபெயின் நாட்டுச் சிறார்க்கு 'கூத்தோ' என்னும் சிறுவன் நாயகனைத் தந்தவர். கருமையும் வெண்மையும் மட்டுமே கொண்டு, மழையில் நனைந்த தெருவையும் மங்கிய விளக்கையும் உயிர்ப்புடன் வரைந்தவர் இவர். மறைந்தவனை வரைவது ஓவியனுக்குப் பெருஞ்சோதனை. வெற்றிடத்தை வரைந்து, அங்கு ஓர் ஆள் நிற்பதாகப் படிப்பவரை நம்பவைக்கவேண்டும். பிளாசுகோ அதனைச் செய்துகாட்டினார்.

மற்றொரு சான்று இதனினும் வியப்பானது. 'லயன்' என்னும் பிரித்தானிய இதழில் 1965இல் 'சுபைடர்' என்னும் தொடர் தொடங்கியது. குற்றவுலகின் அரசனாக விரும்பிப் பின்னர் நல்வழிக்குத் திரும்பியவன் அதன் நாயகன். டெட் கோவன் தொடங்கிவைத்த இத்தொடரைப் பின்னர் எழுதியவர் செர்ரி சீகல். இவர் ஓவியர் சோ சுசுடருடன் இணைந்து 'சூப்பர்மேன்' என்னும் நாயகனைப் படைத்தவர். 1938இல் 130 டாலருக்கு அவ்வுரிமையை இருவரும் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தனர். பின்னர் வழக்காடித் தோற்று, வறுமையுற்று, 1975இல்தான் ஓய்வூதியமும் பெயரும் மீளப் பெற்றனர். உலகறிந்த நாயகனைப் படைத்த ஒருவர் 1960களில் இலண்டன் வார இதழுக்குப் பெயரின்றி எழுதினார். அக்கதைகள் 1980களில் சிவகாசியில் தமிழாயின. சூப்பர்மேனைப் படைத்தவரின் எழுத்தையே தாம் படித்துக்கொண்டிருந்ததைத் தமிழ்ச் சிறார் அன்று அறிந்திருக்கவில்லை.

ஐயமும் சட்டமும்

படக்கதைகளைப் பெரியோர் ஐயத்துடன் நோக்கிய வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. 1954இல் அமெரிக்க மனநல மருத்துவர் பிரெடரிக் வெர்தம், குற்றக் காமிக்சுகள் சிறாரைக் கெடுக்கின்றன என வாதிட்டு நூல் எழுதினார். பதிப்பாளர்கள் அவ்வாண்டே தமக்குத்தாமே ஒரு கட்டுப்பாட்டு நெறியை வகுத்துக்கொண்டனர். பிரித்தானியா 1955இல் சிறார்க்குத் தீங்கு தரும் வெளியீடுகளைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. இந்தியாவும் 1956இல் அத்தகைய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது.

அச்சட்டங்களின் நோக்கம் நல்லதே. ஆயின் அவற்றை ஒட்டிப் பரவிய மனப்பான்மை, நல்லதையும் தீயதையும் பிரித்தறியாமல் படக்கதை முழுவதையும் தாழ்ந்த பொருளாகக் கருதச் செய்தது. நூலகங்கள் பலவும் அவற்றை வாங்கவில்லை. வாங்காமையால் காக்கவும் இல்லை. பிற்கால ஆய்வாளர்க்கு ஏற்பட்ட இடர்ப்பாட்டின் வேர் இங்கே உள்ளது.

தீக்குச்சி வளர்த்த அச்சுக்கலை

தமிழகத்தில் இக்கதைவகை வேரூன்றிய ஊர் சிவகாசி. அதற்குக் காரணம் தற்செயலானது அன்று. மழை குறைந்த அவ்வூரிலிருந்து 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு வண்ணச் சிட்டை வேண்டும். பட்டாசுக்கு உறை வேண்டும். அவ்வகையில் அச்சகங்கள் பெருகின. நாட்காட்டியும் வாழ்த்து அட்டையும் அச்சிட்டுப் பழகிய அவ்வூரின் கைகளுக்குப் படம் அச்சிடுதல் இயல்பான தொழிலாயிற்று.

அச்சூழலில் சௌந்தரபாண்டியன் 1972இல் முத்து காமிக்சைத் தொடங்கினார். ஃபிளீட்வே நிறுவனத்தின் கதைகளை உரிமை பெற்று வெளியிட்டார். முதல் வெளியீடே 'இரும்புக்கை மாயாவி'. தொடக்கக் கால ஆசிரியப் பணியில் முல்லை தங்கராசன் பங்காற்றினார். தொடர்ந்து 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்' எனக் கதைகள் வந்தன. சானி நீரோ, லாரன்சு–டேவிட் ஆகிய ஒற்றர்களும் அறிமுகமாயினர். மாயாவி, சானி நீரோ, லாரன்சு–டேவிட் ஆகியோரை வாசகர்கள் 'மும்மூர்த்திகள்' என்றே வழங்கினர். வாரந்தோறும் இரண்டு மூன்று பக்கங்களாக இலண்டனில் வெளிவந்த கதை, தமிழில் தொடக்கமும் முடிவும் கொண்ட ஒரே நூலாகக் கிடைத்தது. ஒரே அமர்வில் முழுக்கதையும் படித்து முடிக்கும் இன்பத்தை இலண்டன் சிறுவனைக் காட்டிலும் தமிழ்ச் சிறுவன் மிகுதியாகப் பெற்றான் எனலாம்.

1984ஆம் ஆண்டு மற்றொரு திருப்பமாக அமைந்தது. சௌந்தரபாண்டியனின் மகன் எசு. விசயன் இளம் வயதிலேயே லயன் காமிக்சைத் தொடங்கினார். சுபைடரும், எந்திர மனிதன் ஆர்ச்சியும் அதன்வழித் தமிழ் பேசினர். அதே ஆண்டு சென்னையிலிருந்து தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்சு வெளிவந்து, சேம்சு பாண்டின் படக்கதைகளைத் தமிழாக்கித் தந்தது. பேருந்து நிலையக் கடைகளிலும் பழைய புத்தகக் கடைகளிலும் இந்நூல்கள் கைமாறின. வாங்க இயலாதவர் கடன் பெற்றனர். கடன் பெற இயலாதவர் பிறர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தனர்.

பெயர்ப்பின் திறம்

இந்நூல்களின் தமிழை ஆராய்ந்தவர் குறைவு. நூற்பெயர்களை மட்டும் நோக்கினாலே பெயர்த்தோரின் திறம் விளங்கும்.

மூலத்தின் பெயர் 'எஃகு நகம்' என்று பொருள்படுவது. விலங்கின் கூர்நகத்தைக் குறிக்கும் சொல் அதில் உள்ளது. சுபானிய மொழியில் 'சார்ப்பா தெ அசேரோ' என அதே பொருளில் பெயர்த்தனர். தமிழிலோ எஃகு இரும்பாயிற்று, நகம் கையாயிற்று. 'எஃகு' சங்க இலக்கியத்தில் படைக்கலத்தைக் குறித்து வழங்கிய பழஞ்சொல். எனினும் ஆய்தம் பயின்ற அச்சொல்லைக் காட்டிலும் 'இரும்பு' சிறார் நாவுக்கு நெருக்கமானது. விலங்கைச் சுட்டும் நகத்தை நீக்கி மனிதக் கையை வைத்தமையால், அச்சத்தின் இடத்தில் இரக்கமும் சேர்ந்தது. கை இழந்தவன் அவன் என்பது பெயரிலேயே நினைவூட்டப்பட்டது.

இதனினும் சிறந்தது 'மாயாவி' என்னும் சேர்க்கை. மூலப்பெயரில் கண்ணுக்குத் தெரியும் பொருள் மட்டுமே உண்டு, ஆள் இல்லை. தமிழ்ப்பெயரில் தெரியும் கையும் தெரியாத ஆளும் அருகருகே நிற்கின்றனர். 'இரும்புக்கை' இரும்பாலாகிய கை என விரியும். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. 'இரும்புக்கை மாயாவி' இரும்புக்கையை உடைய மாயாவி என விரியும். இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. திண்மையும் இன்மையும் இவ்வாறு ஒரு தொடரில் அடங்கின. கவிஞர் ஒருவர் இதனைப் படைத்திருப்பின் முரண்தொடை நலம் வாய்ந்ததென்று போற்றியிருப்போம்.

இராமகாதையில் வாலியோடு பொருத அசுரனின் பெயர் மாயாவி. வஞ்சகன் என்னும் சாயலும் அச்சொல்லுக்கு உண்டு. மறைந்து நின்று பொருத இந்திரசித்தன் கதையைத் தெருக்கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் கேட்டு வளர்ந்த சமுதாயத்திற்கு, மறைந்து போரிடுவோன் என்றதும் ஓர் அச்சம் தோன்றும். தீயவனாகத் தொடங்கி நல்லவனான கிராண்டேலுக்கு அவ்விரு நிழலும் தேவைப்பட்டன. சொல்லைத் தேர்ந்தவர் இவற்றையெல்லாம் எண்ணித் தேர்ந்தாரா என்பதைக் காட்டிலும், அச்சொல் இவற்றையெல்லாம் தாங்கிநின்றது என்பதே நமக்கு முதன்மையானது.

'நிழற்படை' என்னும் ஆக்கமும் அத்தகையதே. நிழல், படை ஆகிய இரு எளிய சொற்கள் புணர்ந்து, லகரம் றகரமாகத் திரிந்து, பகைவர் அறியாது தொடரும் ஒற்றர் குழுவைக் குறித்தன. 'உறைபனி' வினைத்தொகை. வகுப்பறையில் புணர்ச்சி விதியையும் தொகைநிலைத் தொடரையும் மனப்பாடம் செய்யத் தயங்கிய மாணவர், அவற்றை விரும்பிப் படித்த இடம் இந்நூல்களே. படக்கட்டத்தின் மேலுள்ள சிறு குமிழுக்குள் உரையாடல் அடங்கவேண்டும். ஆங்கிலத்தினும் நீண்டு செல்லும் தமிழ்த் தொடர்களை அவ்விடத்துக்குள் சுருக்கவேண்டும். அளவுக்குள் சொல்லும் இக்கலையைச் செய்யுள் இயற்றுவோர் நன்கு உணர்வர்.

ஆயினும் அட்டையில் மூல ஆசிரியர் பெயர் இல்லை. தமிழாக்கியவர் பெயரும் இல்லை. இலண்டனில் தொடங்கிய மறைவு சிவகாசி வரை நீண்டது.

குறைகளும் தமிழ் முயற்சிகளும்

இக்கதைகள் குற்றமற்றவை எனல் பொருந்தாது. பெரும்பாலான கதைகளில் நன்மை இலண்டனிலிருந்து புறப்பட்டது. தீமை பிற நாடுகளில் குடியிருந்தது. 1952இல் 'காட்டு எந்திரம்' எனத் தொடங்கிய ஆர்ச்சியின் தொடக்கக் கதைகளில் ஆப்பிரிக்க மக்கள் சித்திரிக்கப்பட்ட முறை குடியேற்ற ஆதிக்கப் பார்வை கொண்டது. பெண்பாத்திரங்கள் அரியர், வந்தாலும் உதவியாளராகவே வந்தனர். தமிழ்ச் சிறுமியர் இந்நூல்களைப் படித்தபோது தமக்குரிய இடத்தை அவற்றில் காணவில்லை. லயன் காமிக்சின் முதல் வெளியீட்டில் மாடசுடி பிளைசி என்னும் பெண் ஒற்றர் நாயகியாக அமைந்தமை இவ்வகையில் குறிப்பிடத்தக்க விலக்கு.

தமிழில் இவ்வகைக்கு முன்னோடியும் பின்னோடியும் இல்லாமல் இல்லை. கல்கண்டு இதழில் தமிழ்வாணன் படைத்த சங்கர்லால், கடல் கடந்தும் துப்பறிந்தார். இளைஞர் உள்ளத்தில் தமிழ்நாட்டவர் ஒருவர் உலகத் துப்பறிவாளராக முடியும் என்னும் எண்ணத்தை விதைத்தார். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுசாதாவின் 'என் இனிய இயந்திரா', எதிர்கால இந்தியாவில் மக்கள் முன் தோன்றும் ஆட்சியாளனின் உண்மை யாது என்னும் வினாவை எழுப்பியது. ஜீனோ என்னும் எந்திர நாய் சிறாரையும் கவர்ந்தது. சூழ்ச்சியும் எந்திரமும் மறைவும் அதிலும் உண்டு. ஆயின் களம் தமிழருடையது. மாயாவியைப் படித்துப் பழகிய தலைமுறை ஜீனோவை உடனே ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. எனினும் வளரிளம் பருவத்தினர்க்கென்றே எழுதப்பட்ட தமிழ் எதிர்கால ஒற்றர் கதைகள் ஒரு மரபாக வளரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பெரியோர் மதிக்காத துறையில் எழுதத் திறமையுடையோர் தயங்குவர். எழுதாமையால் அத்துறை மேலும் மதிப்பிழக்கும்.

நிறைவாக

இங்கிலாந்தில் நிலை மாறியது. பழைய ஃபிளீட்வே கதைகளின் உரிமையை 2018இல் ரெபெல்லியன் நிறுவனம் பெற்றது. இரும்புக்கை மாயாவியின் தொடக்கக் கதைகள் 2021இல் நூலாக வெளிவந்தபோது புல்மர், டல்லி, பிளாசுகோ ஆகியோர் பெயர்கள் உரிய மதிப்புடன் அச்சேறின. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, மறைந்திருந்தோர் வெளிப்பட்டனர். தமிழிலும் 2012இல் லயன்–முத்து வெளியீடுகள் புத்துணர்வுடன் தொடர்ந்தன. 2022இல் முத்து காமிக்சு ஐம்பது ஆண்டுகளை எட்டியது. ஆயினும் 1970களின் சிவகாசியில் மேசையில் அமர்ந்து 'நிழற்படை' எனவும் 'உறைபனி' எனவும் எழுதிய கைகள் யாருடையவை என்பது நம் இலக்கிய வரலாற்றில் இன்னும் பதிவாகவில்லை. மலிவுத் தாளில் அச்சான அந்நூல்கள் பழுப்பேறி உதிர்ந்துவருகின்றன. அவற்றோடு தொடர்புடையோரும் முதுமை எய்திவிட்டனர்.

பெயர் தெரியாப் படைப்பாளரை என்ன செய்வது என்பதைத் தமிழ் மரபு முன்னரே அறிந்திருக்கிறது. குறுந்தொகையைத் தொகுத்தோர் கையில் பெயரில்லாப் பாடல்கள் சில இருந்தன. அவர்கள் அவற்றை ஒதுக்கவில்லை. பாடலிலுள்ள தொடரைக் கொண்டே செம்புலப்பெயனீரார் எனவும், அணிலாடு முன்றிலார் எனவும், ஓரேருழவர் எனவும் புலவர்க்குப் பெயர் சூட்டினர். ஆள் மறைந்தாலும் கை தெரிகிறது. கையைக் கொண்டு ஆளுக்கு ஓர் இருப்பிடம் தந்தனர். அண்மைக் காலத்தில் கோட்டையூர் ரோசா முத்தையா செட்டியார் பெருநூல்களோடு பாட்டுப் புத்தகம், துண்டு விளம்பரம், மலிவுப் பதிப்பு என யாவற்றையும் சேர்த்து வைத்தார். 1994இல் சென்னையில் அவர் பெயரால் நிறுவப்பட்ட ஆராய்ச்சி நூலகத்திற்கு அச்சேமிப்பே அடித்தளமாயிற்று. எது நிலைக்கும், எது நிலைக்காது என முன்கூட்டியே தீர்ப்பளிக்காத பண்பு அவரிடம் இருந்தது.

இலக்கிய வட்டங்கள் செய்யத்தக்க பணி இது. ஊர்தோறும் பரண்மீது கிடக்கும் இதழ்களைத் திரட்டலாம். எந்தக் கதை எந்த ஆண்டு வந்தது என அட்டவணைப்படுத்தலாம். பதிப்பகத்திலும் அச்சகத்திலும் அன்று பணியாற்றியோரைக் கண்டு, பெயர்த்தவர் யார், வரைந்தவர் யார், எழுத்துப் பொறித்தவர் யார் எனக் கேட்டு எழுதிவைக்கலாம். கல்லூரி மாணவர்க்கு ஆய்வுத் தலைப்பாகவும் இதனைத் தரலாம். பெயர் கிடைத்தால் பெயரை எழுதுவோம். கிடைக்காவிடின் குறுந்தொகை காட்டிய வழியில் 'நிழற்படையார்' என்றேனும் எழுதுவோம். இன்று கவிதை எழுதும் கைகளுள் பல, முதன்முதலில் தமிழ்த் தொடரின் விரைவை உணர்ந்தது அவர்தம் பக்கங்களில்தான். அக்கடனைத் தீர்க்கும் காலம் குறுகிவருகிறது.